பதினைந்து வயதில் நாவலா? எஸ்.இ. ஹின்டன் பற்றிய இழை

பெப்ரவரி 1, இரவு 9.40

தம்பலகாமத்திலிருந்து ஒரு அண்ணா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்குப் பதினைந்து வயது. நாவல் எழுதுகிறாளாம். அடுத்த வருடம் ஓ.எல் சோதனை. அந்த வயதுப் பிள்ளைக்கு எழுத என்ன அனுபவம் இருக்கப் போகிறது? உலகத்தில் யாராவது அந்த வயதில் எழுதி நின்றிருக்கிறார்களா? இளையோர் நாவல் என்பதே புத்தகக் கடைக்காரர் உண்டாக்கிய வகை என்றுதான் நான் நினைக்கிறேன்."

இருக்கிறார் அண்ணா. எஸ்.இ. ஹின்டன். அமெரிக்காவில் ஒக்லஹோமா மாநிலத்து டல்சா ஊர்க்காரர். பதினைந்து வயதில் எழுதத் தொடங்கி, பதினேழில் அது புத்தகமாக வந்தது. 'தி அவுட்சைடர்ஸ்' என்று பெயர். ஒரு கோடிப் பிரதிக்கு மேல் விற்று, இன்றைக்கும் அங்கே வகுப்புகளில் வாசிக்கிறார்கள். போனில் சார்ஜ் இல்லை, மிச்சத்தை நாளைக்கு எழுதுகிறேன். அதுவரை மகளின் கொப்பியை மூடச் சொல்லாதீர்கள்.


பெப்ரவரி 2, காலை

முதலில் ஒரு திருத்தம். பதினேழில் புத்தகம் வந்தது என்று எழுதிவிட்டேன், பிழை. ஹின்டன் பிறந்தது 1948 ஜூலை. நாவல் வெளியானது 1967 ஏப்ரல். ஆகவே புத்தகம் கைக்கு வந்தபோது அவருக்குப் பதினெட்டு. பதினேழில் வந்தது பதிப்பக ஒப்பந்தம். உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடித்துப் பட்டமளிப்பு நடந்த அதே நாளில் அது வந்து சேர்ந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

இப்போது அனுபவம் பற்றி. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இரண்டு கூட்டமாகப் பிரிந்திருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரு பக்கம், தலைக்கு எண்ணெய் பூசி வாரிய ஏழைப் பையன்கள் மறுபக்கம். ஹின்டனின் சிநேகிதன் ஒருவன் படம் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது மற்றக் கூட்டத்திடம் அடி வாங்கினான். அந்தக் கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தார். நாவலும் அப்படியே தொடங்குகிறது: போனிபாய் என்ற பதினான்கு வயதுப் பையன் தியேட்டரிலிருந்து வெளியே வருகிறான், வழியில் அடி விழுகிறது.

அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பாவுக்கு மூளையில் கட்டி. புத்தகம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். நாவலில் மூன்று சகோதரர்களுக்கும் தாய் தகப்பன் இல்லை. மூத்தவன் படிப்பை விட்டு வேலைக்குப் போய்த் தம்பிகளை வளர்க்கிறான். இதையெல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அனுபவம் இல்லை என்று எப்படிச் சொல்வது அண்ணா? அனுபவம் இருந்தது. பெரியவர்கள் அதை அனுபவமாக எண்ணவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று. அந்த நாவலை எழுதிக்கொண்டிருந்த வருடம் பள்ளிக்கூடத்தில் ஆக்க எழுத்துப் பாடத்துக்கு அவருக்குக் கிடைத்தது 'டி'. நம் கணக்கில் பாஸ் என்றுகூடச் சொல்ல முடியாத புள்ளி.


பெப்ரவரி 2, மாலை

"வகை" பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1967இல் கடைகளில் அப்படி ஒரு தட்டு இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்த வயதினருக்கென்று இருந்தவை பெரும்பாலும் குதிரைக் கதைகள், நடன விருந்துக்கு யாரோடு போவது என்ற கதைகள். தன் சிநேகிதர்களைப் பற்றி ஒரு புத்தகம்கூட இல்லையே என்றுதான் எழுதினேன் என்கிறார் ஹின்டன். அதே வருடம் ஓகஸ்டில் 'நியூ யோர்க் டைம்ஸ்' நூல் மதிப்புரைப் பகுதியில் இதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். ஆசிரியர்கள் வகுப்பில் கொடுத்து வாசிக்க வைத்ததால்தான் புத்தகம் ஓடத் தொடங்கியது. ஆக வாசித்த பிள்ளைகளும் அவர்களுக்குக் கொடுத்த ரீச்சர்மாரும்தான் அந்தத் தட்டை உண்டாக்கியவர்கள். கடைக்காரர் பிறகுதான் பெயர்ப்பலகை மாட்டினார்.


பெப்ரவரி 4

"எஸ்.இ. என்றால் ஆணா பெண்ணா?" என்று கேட்ட கிண்ணியாத் தம்பிக்கு: பெண். சூசன் எலோயிஸ். பையன்களின் சண்டையைப் பற்றிய கதையை ஒரு பெண் எழுதியது தெரிந்தால் மதிப்புரை எழுதும் ஆண்கள் வாசிக்காமலே தள்ளிவிடுவார்கள் என்று பதிப்பகம் முதலெழுத்துக்களோடு நிறுத்தியது. எனக்கு இதை வாசிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.


பெப்ரவரி 8, சனி

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமைகளில் ஏழு பிள்ளைகள் வருகிறார்கள், ரியூசன் முடித்து நான்கு மணிக்கு. இருப்பது ஒரே பிரதி, ஆங்கிலத்தில். கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பியது. நான் பழுப்புத்தாள் உறை போட்டு வைத்திருக்கிறேன். ஒருவர் ஒரு பக்கம் வாசித்துத் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் உள்ளவருக்குக் கைமாறும்.

இந்த வாரம் பெரிய வாக்குவாதம், இரண்டு கூட்டங்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று. 'கிரீசர்' என்பதற்கு எண்ணெய்த்தலையர் என்று உடனே வந்துவிட்டது. 'சோஷ்' என்பதற்குத்தான் இழுபறி. "பணக்காரர்" வேண்டாம் என்றார்கள், அது பெரிய ஆட்களுக்குச் சொல்வதாம். "பெரிய இடத்துப் பிள்ளைகள்" என்றாள் ஒருத்தி. அப்போது மூலையில் இருந்த பையன் சொன்னான்: "ரீச்சர், எங்கட வகுப்பிலயும் இருக்கினம். வெளிநாட்டுக் காசு வாற வீட்டுப் பெடியள்." அவனுடைய அப்பா கடலுக்குப் போகிறவர். யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த வகைப் பிள்ளைகள் இரண்டு பேர் அதே பாயில்தான் இருந்தார்கள்.

அப்புறம் சூரியன் விழும் இடம். நாவலில் செரி என்ற வசதியான வீட்டுப் பெண்ணும் போனிபாயும் ஊரின் இரு பக்கத்திலிருந்தும் தாங்கள் பார்ப்பது ஒரே சூரியனைத்தான் என்று பேசிக்கொள்வார்கள். டச்பே பக்கத்துப் பிள்ளை ஒருத்தி உடனே மறுத்தாள். "எங்கட பக்கம் சூரியன் வெளிக்கிறதுதான் தெரியும் ரீச்சர். விழுறதைப் பார்க்க உட்துறைமுகப் பக்கம்தான் போகவேணும்." சைக்கிளில் பத்து நிமிடத் தூரம். திருகோணமலை நகரம் ஒடுங்கிய நிலம், ஒரு பக்கம் திறந்த கடல், மறுபக்கம் துறைமுகம். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் நான் அப்படி யோசித்ததில்லை. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் சேர்ந்து உட்துறைமுக வீதிக்குப் போய் ஆறு மணி மட்டும் நிற்பது என்று முடிவு.


பெப்ரவரி 9

கிண்ணியாத் தம்பி திரும்பவும்: "வெள்ளைக்காரியைத் தூக்கிப் பிடிக்கிறீர்கள் அக்கா, நம் ஆட்கள் இல்லையா?"

இருக்கிறார்கள் தம்பி. கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூரில் பிறந்த வ.அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையை நான் பதின்மூன்று வயதில் வாசித்தேன். மீனவக் குடிசைப் பையன் ஒருவன் சொந்தத் தோணிக்கு ஏங்குகிற கதை. நம் கடல், நம் ஆட்கள், நம் பேச்சு. ஒரு பெடியனின் மனசை அத்தனை கிட்ட நின்று சொல்ல முடியும் என்று எனக்குக் காட்டியது அதுதான். 'நூலகம்' இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன, தேடிப் பாருங்கள்.

ஆனால் என் குறை வேறு. 'தோணி' அந்த வயதுப் பையனைப் பற்றியது, ஆனால் அந்த வயதுப் பையன்களுக்கென்று எழுதப்பட்டதல்ல. நான் அம்புலிமாமாவை விட்டதும் நேரே போய் விழுந்தது குடும்ப நாவல்களிலும் துப்பறியும் மாத நாவல்களிலும். நடுவில் ஒரு பாலம் இல்லை. பழைய காலத்தில் கிண்ணியாவுக்குப் 'பாதை' என்கிற மிதவைப் படகில் ஏறித்தான் போகவேண்டும் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். பாலம் திறந்தது 2009இல். அதற்கு முன் பாதை ஓடாத நாளில் இந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை நான் அப்படித்தான் நின்றேன்.


பெப்ரவரி 13, இரவு

எழுதுவதா வேண்டாமா என்று நாலு நாளாக யோசித்தேன். தம்பலகாமத்து அண்ணா தன் மகளைப் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன்.

1993இல் எனக்கும் பதினைந்து. 160 பக்க சி.ஆர் கொப்பி ஒன்றில் கதை எழுதினேன். தினமும் மூதூர் லாஞ்சில் ஏறித் திருமலைக்குப் படிக்க வரும் ஒரு பெண்பிள்ளையின் கதை. கரண்ட் இல்லாத இரவுகளில் லாம்பு வெளிச்சத்தில் எழுதியதால் பக்கங்களின் மேல் ஓரம் முழுக்கக் கரிப்புகை படிந்திருக்கும். ஒரு நாள் கணக்குப் பாடத்தில் மேசைக்குக் கீழே வைத்து எழுதிக்கொண்டிருந்தபோது ஆசிரியர் பறித்துவிட்டார். இரண்டு வரியை வகுப்புக்கு உரத்து வாசித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள். கொப்பி அலுமாரிக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. இந்த வருடம் வரை.

ஹின்டனுக்கு 'டி' கிடைத்தது என்று எழுதும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.


பெப்ரவரி 15, சனி

போனோம். மழை முகில், சூரியன் தெரியவில்லை. கச்சான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.


பெப்ரவரி 16

நேற்று ஒரு பிள்ளை கேட்டது: முதல் புத்தகம் அவ்வளவு ஓடினால் இரண்டாவது சுகமாக வந்திருக்குமே?

வரவில்லை. நாலு வருடம் ஆனது. புகழ் வந்ததும் கை நின்றுவிட்டது. ஒவ்வொரு வசனத்தையும் யார் யார் வாசிப்பார்கள் என்ற பயம். டல்சா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் அவருடைய காதலன் ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் எழுதாவிட்டால் மாலையில் வெளியே போவதில்லை. இரண்டு இரண்டு பக்கமாகச் சேர்ந்துதான் 1971இல் 'தட் வாஸ் தென், திஸ் இஸ் நவ்' வந்தது. அந்தக் காதலனையே 1970இல் கல்யாணம் கட்டினார்.

முதல் புத்தகத்தைப் பொங்கிப் பொங்கி எழுதினேன், இரண்டாவதை நிறுத்தி நிதானமாக எழுதினேன் என்ற பொருளில் பின்னாளில் பேசியிருக்கிறார். வாசித்தால் தெரியும். இரண்டாவதில் வசனங்கள் இறுக்கம். ஆனாலும் மனசு முதலாவதோடுதான் போகிறது. அதில் பையன்கள் அழுகிறார்கள், கவிதை சொல்கிறார்கள், சில இடத்தில் அளவு மிஞ்சிப் போகிறது. இருபது வயதில் எழுதியிருந்தால் அந்த இடங்களை வெட்டியிருப்பார். வெட்டியிருந்தால் புத்தகம் செத்திருக்கும்.

நம் பிள்ளைகள் "இரண்டு பக்கச் சட்டம்" என்று பெயர் வைத்துத் தங்களுக்குள் நடைமுறைப்படுத்திவிட்டார்கள். எழுதாதவர் அடுத்த சனிக்கிழமை எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்ற வேண்டும்.


மார்ச் 3

சிவராத்திரி, அதன் பிறகு கோணேசர் நகர்வலம் என்று நாட்கள் ஓடிவிட்டன. வீதி முழுக்கச் சனம், வீடு முழுக்க விருந்தாளிகள்.

இடையில் ஒருவர் "படம் எடுத்ததால்தான் அந்தப் புத்தகம் தெரியவந்தது" என்று எழுதியிருக்கிறார். தலைகீழ். படம் வந்தது 1983இல், புத்தகத்துக்குப் பதினாறு வயதான பிறகு. அது எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இந்த வாழ்க்கைக் கதையிலேயே பிடித்த பகுதி. கலிபோர்னியாவில் ஃபிரெஸ்னோ பக்கத்தில் லோன் ஸ்டார் என்று ஒரு சின்னப் பள்ளிக்கூடம். அங்கே நூலகப் பொறுப்பில் இருந்த அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து 1980இல் பிரான்சிஸ் ஃபோர்ட் கொப்போலாவுக்குக் கடிதம் எழுதினார்கள். இதைப் படமாக எடுங்கள் என்று பிள்ளைகள் கையெழுத்தும் போட்டு, புத்தகத்தின் ஒரு பிரதியையும் வைத்து அனுப்பினார்கள். உலகம் அறிந்த இயக்குநர் அதை வாசித்தார், எடுத்தார். அதோடு நிற்கவில்லை. ஹின்டனோடு சேர்ந்து திரைக்கதை எழுதி 'ரம்பிள் ஃபிஷ்' நாவலையும் அதே வருடம் படமாக்கினார். முதல் படத்தில் ஒரு தாதியாக ஹின்டனே கொஞ்ச நேரம் வந்து போவார்.

இதைச் சொன்னதும் விறாந்தையில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள், யாருக்கு நாங்கள் எழுதலாம் என்று.


மார்ச் 4

முதலெழுத்துப் பற்றி முதலில் எழுதியதில் பாதியைத் திருப்பி எடுக்கிறேன். பதிப்பகத்தின் யோசனை மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஹின்டன் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டார். எழுத்துக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர் என்று இரண்டு இருப்பது தனக்குப் பிடித்திருக்கிறது என்கிறார். அவர் டல்சாவை விட்டு எழுத்தாளர்கள் கூடும் பெருநகரத்துக்குக் குடிபோனவர் இல்லை. சொந்த ஊரிலேயே வாழ்க்கை. கடையில் நிற்கும் சூசனை யாரும் தொந்தரவு செய்யவேண்டியதில்லை. புனைபெயரில் எழுதிய நம் பெண்கள் பலருக்கும் இது விளங்கும்.


மார்ச் 8, சனி, இரவு நெடுநேரம்

பெப்ரவரி 13இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அது பொய்யில்லை. ஆனால் முழுவதும் அங்கே இல்லை.

பறித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, அந்த ஆசிரியர் இடைவேளையில் என்னைக் கூப்பிட்டார். அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். "லாஞ்சு ஆடுற இடம் நல்லா எழுதியிருக்கிறாய் பிள்ளை" என்றார். அப்படியானால் முழுவதையும் வாசித்திருக்கிறார், லாஞ்சு ஆடும் இடம் நடுவுக்கு அப்பால்தான் வரும். நான் "எனக்கு வேண்டாம் சேர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அவர் இரண்டாம் முறையும் கூப்பிட்டார். நான் நிற்கவில்லை.

அவர் இப்போது இல்லை. கொப்பி எங்கே போனதென்று கேட்க ஆளில்லை. முப்பது வருடமாக அவர் பறித்தார் என்று மட்டுமே எல்லோருக்கும் சொல்லி வந்திருக்கிறேன். வகுப்பில் வாசித்தது பிழை, அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் திருப்பித் தந்ததையும் சேர்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஹின்டனின் பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்று இப்போதுதான் எண்ணிப் பார்க்கிறேன். சிநேகிதி ஒருத்தியின் அம்மா பிள்ளைகளுக்குக் கதை எழுதுகிறவர், அவர் வழியாகத்தான் நியூ யோர்க் முகவரின் தொடர்பு கிடைத்தது. பிறகு இரண்டு பக்கம் கேட்ட காதலன். பிறகு ஃபிரெஸ்னோ நூலக அம்மா. அவர்கள் நீட்டியபோது ஹின்டன் கை நீட்டி வாங்கினார்.


மார்ச் 15

"மொத்தமே ஐந்து இளையோர் நாவல்தானா? அதற்கா இத்தனை பேச்சு?" என்கிறார் புதிதாக வந்த ஒருவர்.

ஐந்துதான். 1967, 1971, 1975, 1979, 1988. கடைசி இரண்டுக்கும் நடுவில் ஒன்பது வருடம். அந்த இடைவெளியில் படங்கள் எடுக்கப்பட்டன, 1983இல் மகன் பிறந்தான். பிறகு 1995இல் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு புத்தகம், 2004இல் பெரியவர்களுக்கு ஒரு நாவல். 1988இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது தொடங்கியபோது அதை முதலாவதாகப் பெற்றவர் அவர். முதல் நாவலை வைத்துச் செய்த இசை நாடகம் 2024இல் டோனி விருது வாங்கியது. நடுவில் சில பள்ளிக்கூடங்கள் அடிதடி, குடி, கத்தி என்று சொல்லி அதே நாவலை அலுமாரியிலிருந்து எடுத்த கதையும் உண்டு.

எண்ணிக்கையை வைத்து ஓர் எழுத்தாளரை நிறுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்றாவதான 'ரம்பிள் ஃபிஷ்'தான் அவர் எழுதியதிலேயே பெரிய வேலை என்பது என் முடிவு. அண்ணனைப் போல் ஆகத் துடிக்கும் தம்பி, ஆனால் தம்பிக்கு அந்த அண்ணனை விளங்கிக்கொள்ளும் அறிவு இல்லை. விளங்காத ஒருவனின் வாயாலேயே முழுக் கதையும் வருகிறது. அவனுக்குத் தெரியாதது வாசிக்கிற நமக்குத் தெரிந்துகொண்டே போகும். எழுத முயன்றவர்களுக்கு அது எத்தனை கடினம் என்று தெரியும். நான் இந்த வாரம் முயன்று பார்த்தேன், ஆறு பக்கத்துக்குமேல் பிடித்துவைக்க முடியவில்லை. திரும்பவும் முயல்வேன்.


மார்ச் 22, சனி

தம்பலகாமத்து அண்ணா இன்று மகளை பஸ்ஸில் கூட்டி வந்தார். பிள்ளை பாயின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயே திறக்கவில்லை. கையில் சி.ஆர் கொப்பி, மூலைகள் மடங்கி, அட்டையில் வயல் சேறு காய்ந்த ஒரு விரல் தடம். போனிபாயும் ஜொனியும் அடையாளம் தெரியாமலிருக்கத் தலைமயிரை வெட்டிக்கொள்ளும் பகுதி வந்தபோதுதான் நிமிர்ந்தாள். "எனக்கெண்டால் அழுகை வரும்" என்றாள். அவளுக்கு இடுப்பு வரை பின்னல்.

அண்ணா கேற்றடியில் நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. போகும்போது என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்: "கதையில ஒரு அப்பா வாறாராம் தங்கச்சி. நான் வாசிச்சுப் பார்க்கட்டா?" அதை மகளிடமே கேளுங்கள் என்றேன்.


மார்ச் 23

அண்ணாவின் செய்தி வந்திருக்கிறது. மூன்றாவது அத்தியாயம் மட்டும் வாசிக்கலாமாம். மற்றதெல்லாம் முடிந்த பிறகாம். சந்திக் கடையில் புதுக் கொப்பி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார், 200 பக்கம்.